மட்டக்களப்பு, அம்பாறையிலிருந்து தொழில்வழிச் சிகிச்சையாளர் ஆவது எப்படி?

பக்கவாதம் வந்தவர் தானாகச் சாப்பிட, உடுத்த, கிணற்றடியில் குளிக்க வழி கண்டு கொடுப்பதுதான் தொழில்வழிச் சிகிச்சை, சுருக்கமாக ஓ.டி. (Occupational Therapy). மருந்தும் ஊசியும் எழுதும் வேலை இல்லை.

படி 1: ஒத்துவருமா என்று பாருங்கள்
வலக்கையை மடியில் போட்டுவிட்டு, இடக்கையால் மட்டும் சட்டை போட்டுப் பாருங்கள். நல்ல கையை முதலில் நுழைத்தால் துணி முதுகில் இறுகிவிடும், இயங்காத கை உள்ளே போகாது. இயங்காத கையை முதலில் தோள்வரை ஏற்றி, சட்டையை முதுகுப்பக்கமாகச் சுற்றி எடுத்து, பிறகுதான் நல்ல கை. கழற்றும்போது நல்ல கை முதலில். ஒரு வேலையை இப்படித் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்க்கச் சலிப்பு வந்தால் வேறு துறையை யோசியுங்கள்.

படி 2: பட்டப்படிப்பு
வந்தாறுமூலையை நம்பி இருக்க வேண்டாம். கிழக்குப் பல்கலைக்கழகத்தில் மருத்துவமும் தாதியியலும் உண்டு, ஓ.டி. பட்டம் இல்லை. ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் இல்லை. களனிப் பல்கலைக்கழகத்தின் றாகம மருத்துவ பீடத்தில் 4 வருடப் பட்டம் இருக்கிறது, ஆங்கில மொழியில். உயர்தர உயிரியல் பிரிவுப் பிள்ளைகளுக்கான வழி இது. எந்தப் பாடத்தில் என்ன சித்தி, சாதாரண தர ஆங்கிலத்தில் என்ன தரம் என்பதை அந்த வருடப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுக் கைநூலில் பாருங்கள். அண்ணன் அக்காவின் பழைய கைநூல் உதவாது.

படி 3: விருப்ப ஒழுங்கு
பல்கலைக்கழக விண்ணப்பத்தில் பாடநெறிகளை விரும்பும் ஒழுங்கில் எழுத வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். உங்கள் இசட் புள்ளிக்கு மேலிருந்து கீழாக எது முதலில் கிடைக்கிறதோ, அதையே தருவார்கள். சும்மா இருக்கட்டும் என்று வேறொரு பாடநெறியை மேலே போட்டு, அதற்குப் புள்ளி போதுமாக இருந்தால், கீழே உள்ள ஓ.டி.யைக் கணக்கிலேயே எடுக்கமாட்டார்கள். உண்மையாகவே ஓ.டி.யைவிட விரும்புவதை மட்டும் அதற்கு மேலே போடுங்கள்.

படி 4: டிப்ளோமா
சுகாதார அமைச்சின் பயிற்சி கொழும்பில், தேசிய வைத்தியசாலையோடு சேர்ந்த பாடசாலையில் நடக்கும். வர்த்தமானியில் விண்ணப்பம் கோரினால்தான் போடலாம். ஒவ்வொரு வருடமும் வரும் என்று நினைத்துக் காத்திருக்காமல், பல்கலைக்கழக விண்ணப்பத்தையும் போட்டு வையுங்கள்.

படி 5: இந்தியா
வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் (சி.எம்.சி.) இந்தப் பட்டம் உண்டு. எங்கே போனாலும் காசு கட்டுமுன் இரண்டைக் கேளுங்கள்: உலகத் தொழில்வழிச் சிகிச்சையாளர் கூட்டமைப்பு சொல்லும் ஆகக்குறைந்த 1000 மணித்தியாலக் களப்பயிற்சி பாடநெறியில் இருக்கிறதா, இலங்கை மருத்துவ சபை அந்தப் பட்டத்தை ஏற்குமா? சில மாதச் சான்றிதழ் வகுப்பை வைத்துக்கொண்டு சிகிச்சையாளராகப் பதிய முடியாது.

படி 6: சிங்களம்
பெறுபேறு வரும்வரை இருக்கும் மாதங்களில் பேச்சுச் சிங்களம் பழகுங்கள். றாகமவிலும் கொழும்பிலும் பயிற்சியில் நீங்கள் சந்திக்கும் நோயாளரில் பெரும்பாலானோர் பேசுவது அதைத்தான். மலசலகூடத்துக்கு எப்படிப் போகிறீர்கள், யார் தூக்கிவிடுகிறார்கள் என்பதைக் கூச்சம் வராமல் கேட்க, பாடப்புத்தகச் சிங்களம் போதாது.

படிப்பு முடிந்ததும் மருத்துவ சபையில் பதிந்த பிறகே வேலை.