இரண்டு கோர், ஒரு மோட்டார்: வேலையைப் பிரிக்கும் விதம்

எஸ்டிஎம்32 எச்745 போன்ற இரட்டைக் கோர் (ஒரே சிப்பில் இரண்டு செயலிகள்) சிப் கைக்கு வந்ததும் நிரலைப் பாதிப் பாதியாகப் பிரிக்கத் தோன்றும். அப்படிச் செய்யாதீர்கள். தாமதமானால் மோட்டார் உதறும் என்கிற வேலையெல்லாம் ஒரு கோரில். தாமதமானால் திரை மெதுவாக வரும், அவ்வளவுதான் என்கிற வேலையெல்லாம் மற்றதில்.

இதில் எம்7 கோர் 480 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடும், எம்4 கோர் 240 வரை. கரன்ட் லூப்பை, அதாவது மோட்டாரின் கரன்டை அளந்து அளந்து சரிசெய்யும் சுற்றை, நான் எம்4-க்குத்தான் கொடுப்பேன். லூப் 10 கிலோஹெர்ட்ஸ் என்றால் ஒரு சுற்றுக்கு 100 மைக்ரோவினாடி, அதாவது 24,000 கிளாக். பிழையைப் பார்த்துத் திருத்தும் பிஐ கணக்குக்கு அது தாராளம். எம்4-இல் டேட்டா கேஷ் (ராமில் உள்ளதன் நகலை வைக்கும் வேக நினைவகம்) இல்லாததால் நேரமும் அதிகம் ஆடாது. ஈதர்நெட், திரை, பதிவு எல்லாம் எம்7 பக்கம்.

சரி, இரண்டும் பேசிக்கொள்ளும் நினைவகத்துக்கு வருவோம். என்னை இரண்டு நாள் அலையவிட்டது இந்த இடம்தான். வேகத்தை 900-லிருந்து 1,200 ஆக்கினேன். மோட்டார் 900-லேயே ஓடியது. டிபக்கரில் எம்7 வழியாகப் பார்த்தால் 1,200. அதே முகவரியை எம்4 வழியாகப் பார்த்தால் 900! எழுதிய மதிப்பு எம்7-இன் கேஷிலேயே தங்கிவிட்டது, ராமுக்குப் போகவே இல்லை. 0x38000000-இல் இருக்கும் 64 கேபி எஸ்ராம்4 என்ற ராம் பகுதியைப் பகிர்வுக்கு ஒதுக்கி, கேஷை இயக்கும் முன்பே எம்பியு (நினைவகப் பகுதிகளுக்கு விதி வைக்கும் அலகு) மூலம் அந்தப் பகுதிக்குக் கேஷ் வேண்டாம் என்று அமைத்துவிடுங்கள். எம்7-இன் சொந்த ராமான டிடிசிஎம்மில் வைக்காதீர்கள், எம்4-க்கு அது எட்டாது.

அப்புறம், பாதி புதுசு பாதி பழசாக மதிப்புகள் படிக்கப்படாமல் இருக்க ஓர் எண்ணி வையுங்கள். எம்7-இல் எழுதத் தொடங்கும்போது அதை ஒற்றைப்படையாக்கி, முடிந்ததும் இரட்டைப்படையாக்குங்கள்; இடையில் மெமரி பேரியர் (நினைவக வரிசை மாறாமல் காக்கும் கட்டளை) கட்டாயம். எம்4 படிப்பதற்கு முன்னும் பின்னும் எண்ணியைப் பார்க்கும். ஒற்றைப்படையாக இருந்தாலோ, இரண்டும் பொருந்தாவிட்டாலோ போன சுற்றின் மதிப்பையே வைத்துக்கொள்ளும். காத்திருக்கவே கூடாது. செமஃபோர் என்ற பூட்டைப் பிடிக்க லூப்புக்குள் சுற்றும் நிரலைப் பார்த்தாலே எனக்குப் பதறும்.

எம்7 நின்றுபோனாலும் மோட்டார் பத்திரமாக நிற்க வேண்டும். அதற்கு எம்7 மாற்றிக்கொண்டே இருக்கும் ஒரு துடிப்பு எண். அது 50 மில்லிவினாடி மாறவில்லை என்றால் எம்4 வேகத்தை இறக்கி நிறுத்தட்டும். அதிகக் கரன்டுக்கு மட்டும் நிரலை நம்பாமல், ஃபால்ட் சிக்னலை நேராக டைமரின் பிரேக் பின்னில் (வெளியீட்டை உடனே நிறுத்தும் பின்) கட்டுங்கள்.

கடைசியாக, கரன்ட் லூப் இன்டரப்ட் தொடங்கும்போது ஒரு பின்னை உயர்த்தி, முடியும்போது இறக்குங்கள். ஆசிலோஸ்கோப்பை மாட்டி, ஈதர்நெட்டில் முழுச் சுமை கொடுத்து அரை மணி நேரம் பாருங்கள். அந்தப் பின்னின் துடிப்பு அகலம் ஆடினால், இரண்டு கோரும் ஒரே ராமுக்கு முட்டிக்கொள்ளலாம். லூப்பின் மாறிகளை எம்7 தொடாத ராமுக்கு நகர்த்துங்கள்.