சுங்கத்தில் சிக்கிய வண்டி திரும்பி வந்த கதை

சரக்குக்குச் சரியான பில் இல்லை என்று திருவொற்றியூர் பக்கம் சுங்க அதிகாரிகள் என் வாடகை மினி லாரியையும் சேர்த்துப் பிடித்துவிட்டார்கள். மகஜர் (கைப்பற்றும்போது அதிகாரிகள் எழுதும் பதிவு) நகலை விடாமல் கேட்டு வாங்கினேன். கைப்பற்றிய தேதிக்கு அதுதான் சாட்சி.

சுங்கச் சட்டம், 1962-இன் 110(2) பிரிவுப்படி கைப்பற்றிய 6 மாதத்துக்குள், ஏன் பறிமுதல் செய்யக் கூடாது என்று கேட்கும் நோட்டீஸ் தர வேண்டும். ஆணையர் எழுத்தில் காரணம் பதிந்து, கெடு முடியும் முன்பே நமக்குத் தெரிவித்தால் இன்னொரு 6 மாதம் வரை நீட்டிக்கலாம். எனக்கு இரண்டுமே வரவில்லை. 110ஏ பிரிவில் இடைக்கால விடுவிப்பு கேட்ட மனுவுக்கும் பதில் இல்லை. (இடைக்கால விடுவிப்பு உத்தரவு வந்திருந்தால் 6 மாதக் கெடு பொருந்தாது, கவனம்.)

அப்புறம் வக்கீல் மூலம் சென்னை உயர் நீதிமன்றத்தில் அரசியலமைப்பின் 226-ஆவது பிரிவில் ரிட் மனு போட்டேன். கெடு தாண்டியதைக் காட்ட மகஜரே போதுமானதாக இருந்தது. வண்டியை விடச் சொல்லி உத்தரவு வந்தது. தவணை கட்டும் ஏழை டிரைவர்கள் இந்தத் தேதிக் கணக்கைக் கட்டாயம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.