ஆட்டுப் புழுக்கையில் உருண்டைப் புழு முட்டைகளை எண்ணும் முறை

புழுக்கையை ஆசனவாயிலிருந்தே கையுறையால் எடுங்கள். தரையில் கிடப்பதை எடுத்தால் மண்ணில் வாழும் புழுக்களும் சேர்ந்துவிடும். உடனே சோதிக்க முடியாதென்றால் காற்றை வெளியேற்றிக் கட்டிய பையில் ஃப்ரிட்ஜில் வையுங்கள். உறைய விடக் கூடாது. வெளியே வெப்பத்தில் கிடந்தால் ஒரே நாளில் முட்டை பொரிந்து எண்ணிக்கை குறையும்.

ஒரு லிட்டர் வெந்நீரில் 400 கிராம் உப்பைக் கலக்கி ஆறவிடுங்கள். அடியில் கொஞ்சம் கரையாமல் நிற்பதுதான் சரியான பதம். 4 கிராம் புழுக்கையை 56 மில்லி உப்புநீரில் நன்றாக மசித்து வடிகட்டி, கலக்கிய கையோடு சொட்டுக்குழாயால் உறிஞ்சி, மெக்மாஸ்டர் ஸ்லைடின் (முட்டை எண்ணக் கட்டம் கீறிய கண்ணாடித் தகடு) இரு அறைகளிலும் நிரப்புங்கள். தாமதித்தால் முட்டை மேலே மிதந்து, உறிஞ்சிய நீரில் வராமல் போகும்.

5 நிமிடம் கழித்து 100 மடங்கு உருப்பெருக்கத்தில் பாருங்கள். முட்டை நீள்வட்டமாக, மெல்லிய ஓட்டுக்குள் திராட்சைக் கொத்துபோல் செல்களுடன் இருக்கும். கருத்த, தடித்த வளையம் தெரிந்தால் அது காற்றுக்குமிழி. இரு அறைகளின் கட்டத்துக்குள் இருக்கும் மொத்த எண்ணிக்கையை 50ஆல் பெருக்கினால் ஒரு கிராம் புழுக்கையில் உள்ள முட்டைக் கணக்கு.

எண்ணிக்கை குறைவென்று நிம்மதியடைய வேண்டாம். இரத்தம் உறிஞ்சும் ஹீமாங்கஸ் புழுவின் இளம் பருவம் முட்டையிடாது; கீழ் இமையின் உட்புறம் வெளுத்திருந்தால் முட்டையே இல்லாவிட்டாலும் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

குடற்புழு நீக்க மருந்து கொடுத்த 14ஆம் நாள் அதே ஆடுகளை மறுபடி சோதியுங்கள். எண்ணிக்கை 95 சதவீதமாவது குறையாவிட்டால், எடைக்கேற்ற அளவு கொடுத்தோமா என்பதை முதலில் சரிபாருங்கள். அது சரியென்றால் அந்த மருந்துக்குப் புழு பழகிவிட்டது.