கடலோர வீட்டில் காலைத் தும்மலா? தலையணை உறையைக் கவனியுங்கள்

தலையணை உறை, படுக்கை விரிப்பை வாரம் ஒருமுறை 60 டிகிரி சூட்டில் துவையுங்கள். மெஷினில் ஹீட்டர் இல்லையென்றால், பக்கெட்டில் முதலில் இரண்டு பங்கு குழாய்த் தண்ணீர், அதன்மேல் மூன்று பங்கு கொதிநீர் (மாற்றி ஊற்றினால் பிளாஸ்டிக் இளகும்). துணியைக் குச்சியால் அமுக்கி, மூடி அரைமணி நேரம் வையுங்கள். பிறகு வழக்கம்போலத் துவைக்கலாம்.

சென்னை, கடலூர், நாகைப் பக்கம் எழுந்தவுடன் அடுக்குத் தும்மல் வருவதற்குப் பெரும்பாலும் தூசிப்பூச்சிதான் காரணம். படுக்கையில் வாழும், கண்ணுக்குத் தெரியாத அது தண்ணீர் குடிப்பதில்லை, காற்றின் ஈரத்தை உடலால் இழுத்துக்கொள்கிறது. அதனால் ஐப்பசி, கார்த்திகை அதற்குக் கொண்டாட்டம். பச்சைத்தண்ணீரில் துவைத்தால் அழுக்கும் பூச்சியின் எச்சமும் போகும், பூச்சி பிழைத்துக்கொள்ளும். எந்த சோப்புத்தூள் போட்டாலும் அப்படித்தான்.

பட்டு, கம்பளிக்கு இது வேண்டாம், சுருங்கிவிடும். வெளியே போனால்தான் தும்மல் என்றால் இந்த வேலையே வீண். அது மகரந்தமாக இருக்கலாம். உள்மாவட்டங்களில் பார்த்தீனியம் களைச்செடி மண்டிய காலிமனைப் பக்கம் வீடிருந்தால் முதலில் அதைச் சந்தேகியுங்கள். அங்கே விரிப்பை மொட்டைமாடியில் உலர்த்தினால் மகரந்தம் ஒட்டிக்கொண்டு படுக்கைக்கே வரும், வீட்டுக்குள் காயப்போடுங்கள். மூச்சிரைப்பும் சேர்ந்தால் டாக்டரிடம் போய்விடுங்கள்.