விக்கிப்பீடியாவில் ஒரு பழைய சிற்றாலயக் கட்டுரையைச் சரிபார்ப்பது எப்படி?

விக்கிப்பீடியாவுக்குப் புதிதாக வருகிறவர்களில் பலர் புதுக் கட்டுரை தொடங்கத்தான் ஆசைப்படுகிறார்கள். ஏற்கெனவே இருப்பதைப் பொறுமையாகச் சரிபார்க்க ஆள் கிடைப்பது குறைவு. வாசகருக்கு அதிகம் உதவுவது இந்த இரண்டாவது வேலைதான் என்பேன். அதுவும் பழைய கட்டடங்கள் என்றால் வரலாறும் கதையும் பின்னிக் கிடக்கும். பிரித்துக் காட்ட ஒருவர் வேண்டும்.

ஸ்காட்லாந்தில் உள்ள ராஸ்லின் சிற்றாலயம் என்ற சிறிய கிறித்தவ ஆலயத்தை வைத்துப் பார்ப்போம். எடின்பரோவுக்குத் தெற்கே ராஸ்லின் என்ற ஊரில், 1446-இல் வில்லியம் சின்க்ளேர் என்ற பிரபு நிறுவியது. தூண், வளைவு, கூரை என்று எங்கு பார்த்தாலும் சிற்பம். 2003-இல் வந்த ஓர் ஆங்கில நாவல் இதை உலகம் முழுக்கத் தெரிய வைத்தது. அதோடு ஆதாரமில்லாத பேச்சுகளும் பெருகின. பழகிப் பார்க்க இதைவிட நல்ல கட்டுரை கிடைக்காது.

படி 1: கை வைக்காமல் படியுங்கள்

‘தொகு’ பொத்தானை மறந்துவிட்டு, முதலில் கட்டுரை முழுவதையும் ஒருமுறை படியுங்கள். அப்புறம் உரையாடல் பக்கம், அதன்பின் ‘வரலாற்றைக் காட்டவும்’. உங்களை உறுத்திய வரியைப் பற்றி அங்கே ஏற்கெனவே பேசி முடித்திருக்கலாம். ஒரே பத்தியை இரண்டு பேர் மாறி மாறி நீக்கியும் சேர்த்தும் வந்திருந்தால் அது வரலாற்றில் தெரியும். பிரச்சினை எங்கே என்று அதுவே சொல்லிவிடும்.

படி 2: ஆண்டுகளைத் தனியே எழுதுங்கள்

ஒரு தாளில் ஆண்டுகளை மட்டும் வரிசையாகக் குறியுங்கள். 1446 நிறுவல். 1484 வில்லியமின் மரணம். பணி பாதியில் நின்று, திட்டமிட்ட ஆலயத்தில் பாடகர் பகுதி (பலிபீடத்தை ஒட்டி, பாடகர்கள் அமரும் பகுதி) மட்டுமே எழுந்தது. 1592 சமயச் சீர்திருத்தக் காலத்தில் பலிபீடங்கள் இடிப்பு. 1862 மீண்டும் வழிபாட்டுக்கு அர்ப்பணிப்பு. முன்னுரையிலும் தகவற்சட்டத்திலும் (கட்டுரையின் ஓரத்தில் இருக்கும் சுருக்கத் தகவல் கட்டம்) உள்ளே இருக்கும் பத்திகளிலும் இதே ஆண்டுகள்தான் வருகின்றனவா? ஒன்றை மாற்றியவர் மற்ற இரண்டை மறந்துவிடுவது சகஜம்.

படி 3: மேற்கோளைத் திறந்து படியுங்கள்

இதுதான் வேலையின் உயிர். வரியின் முடிவில் சின்ன எண் இருப்பதைப் பார்த்ததும் ‘சரி, சான்று இருக்கிறது’ என்று நகர்ந்துவிடாதீர்கள். அந்தப் பக்கத்தைத் திறந்து, அந்த வரி சொல்வதைத்தான் அதுவும் சொல்கிறதா என்று பாருங்கள்.

‘இது டெம்ப்ளர் வீரர்கள் கட்டியது’ என்று ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். டெம்ப்ளர்கள் என்பது மத்திய காலக் கிறித்தவப் போர்வீரத் துறவிகளின் சபை. அந்தச் சபையைத் திருத்தந்தை ஐந்தாம் கிளமெண்ட் 1312-இல் கலைத்துவிட்டார். சிற்றாலயம் நிறுவப்பட்டது 134 ஆண்டுகள் கழித்து. போதாக்குறைக்கு, 1309-இல் எடின்பரோவில் டெம்ப்ளர்கள்மீது நடந்த விசாரணையில் சின்க்ளேர் குடும்பத்தார் அவர்களுக்கு எதிராகவே சாட்சி சொன்னார்கள். ஆக, மேற்கோளாக ஒரு சுற்றுலா நிறுவனத்தின் பக்கத்தைக் காட்டினால் போதாது. மத்திய கால ஸ்காட்லாந்தை ஆய்ந்த வரலாற்றாசிரியரின் நூலோ, ஸ்காட்லாந்தின் அரசுத் தொல்லியல் அமைப்பின் பதிவோ வேண்டும்.

இன்னொரு பொறியும் உண்டு. மேற்கோளாகக் காட்டும் வலைப்பக்கமே விக்கிப்பீடியாவிலிருந்து நகலெடுத்ததாக இருக்கலாம். சொற்றொடர் அச்சு அசலாக ஒத்துப்போனால் இரண்டின் தேதியையும் பாருங்கள். விக்கி வரி முந்தையது என்றால் அந்தச் சான்றை நம்ப முடியாது.

தமிழில் மொழிபெயர்த்த கட்டுரை என்றால் கூடுதல் கவனம் தேவை. ஆங்கிலக் கட்டுரையின் மேற்கோள்கள் யாரும் திறந்து பார்க்காமலே இங்கு வந்து சேர்ந்திருக்கும். மூலக் கட்டுரைக்குத் தொகுப்புச் சுருக்கத்தில் (திருத்தத்தைச் சேமிக்கும்போது எழுதும் சிறு குறிப்பு) நன்றி குறிப்பிட்டிருக்கிறார்களா என்பதையும் பாருங்கள். உரிமம் அதைக் கேட்கிறது.

படி 4: கதையை நீக்காதீர்கள், கதை என்று சொல்லுங்கள்

புதியவர்கள் ஆர்வத்தில் செய்வது, ஆதாரமில்லாத கதை என்று தெரிந்ததும் முழுப் பத்தியையும் வெட்டுவது. அது வேண்டாம். ராஸ்லினில் ‘சீடனின் தூண்’ என்று ஒன்று இருக்கிறது. தலைமைச் சிற்பி வெளிநாடு போயிருந்தபோது சீடன் அதைச் செதுக்கி முடித்தான், திரும்பி வந்த குரு பொறாமையில் சுத்தியலால் அடித்துக் கொன்றான் என்பது கதை. கொலை நடந்ததா என்பது வேறு. இந்தக் கதை தலைமுறைகளாகச் சொல்லப்பட்டு வருவது உண்மை, தூணின் பெயரும் அதிலிருந்து வந்ததுதான். எனவே ‘கொன்றான்’ என்ற வினையை ‘கொன்றதாக ஒரு மரபுக் கதை உண்டு’ என்று திருத்தினால் போதும்.

மக்காச்சோளச் சிற்பமும் இப்படித்தான். ஒரு சன்னலைச் சுற்றியுள்ள செதுக்கல் அமெரிக்க மக்காச்சோளம், எனவே கொலம்பஸின் 1492 பயணத்துக்கு முன்பே அங்கு போனவர்கள் உண்டு என்று சிலர் வாதிடுகிறார்கள். கோதுமை, ஸ்ட்ராபெரி போன்றவற்றின் அலங்கார வடிவம் என்பது அறிஞர்கள் தரும் விளக்கம். இரண்டையும் எழுதலாம், ஆனால் சம இடம் கொடுத்து அல்ல. யார் சொல்வது என்பதும் வரியிலேயே தெரிய வேண்டும்.

படி 5: படங்களும் விடுபட்டவையும்

படத்தின் கீழே இருக்கும் வரியையும் சரிபாருங்கள். அடியில் டிராகன்கள் சூழ, கொடி சுற்றிச் சுற்றி மேலேறுவதுதான் சீடனின் தூண். பக்கத்தில் இன்னொரு புகழ்பெற்ற தூண் உண்டு, பெயர் மாறிவிட வாய்ப்பு அதிகம். பொதுவகத்தில் (விக்கிப்பீடியாவின் படங்கள் சேமிக்கப்படும் தளம்) படத்தின் உரிமத்தையும் ஒரு தட்டுத் தட்டிப் பாருங்கள்.

அடுத்து, என்ன இல்லை என்று யோசியுங்கள். மர்மங்களுக்கு நான்கு பத்தி கொடுத்துவிட்டு, பராமரிப்புக்கு ஒரு வரிகூட இல்லாவிட்டால் அது குறைதான். 1950-களில் உட்புறச் சிற்பங்கள்மேல் சிமெண்ட் கலந்த பூச்சு பூசினார்கள். ஈரம் கல்லுக்குள்ளேயே தங்கிவிட்டது. 1997-இல் கட்டடத்துக்கு மேலே பெரிய உலோகக் கூரை போட்டுக் கல்லை உலரவிட்டு, 2010-இல்தான் அதை எடுத்தார்கள். கட்டடத்தின் மேல் அக்கறை உள்ள வாசகர் தேடி வருவது இந்த மாதிரித் தகவலைத்தான்.

படி 6: உரையாடல் பக்கத்தில் எழுதுங்கள்

எழுத்துப்பிழை, தவறான ஆண்டு போன்றவற்றை நீங்களே திருத்திவிடலாம். சான்றில்லாத வரிக்குச் ‘சான்று தேவை’ வார்ப்புரு (ஆயத்தமாக இருக்கும் அடையாளக் குறிப்பு) இடுங்கள். கருத்து வேறுபாடு வரக்கூடியதை மட்டும் உரையாடல் பக்கத்தில் வையுங்கள். ‘கட்டுரை சரியில்லை’ என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. இப்படி எழுதலாம்:

‘வணக்கம். “வரலாறு” பகுதியின் இரண்டாம் பத்தியில் டெம்ப்ளர்கள் கட்டியதாக உள்ள வரிக்குத் தந்திருக்கும் பக்கத்தில் அந்தச் செய்தி இல்லை. வேறு சான்று இருந்தால் சேர்க்க வேண்டுகிறேன். இல்லையென்றால் இதை “மரபுக் கதைகள்” பகுதிக்கு மாற்றலாமா? நன்றி.’

இடம், சிக்கல், மாற்று வழி மூன்றும் இதில் இருக்கின்றன. எழுதியவரைக் குறை சொல்லும் ஒரு சொல்கூட இல்லை. அவரும் சம்பளம் வாங்காமல் செய்கிறவர்தான்.

கட்டுரையை ‘நல்ல கட்டுரை’த் தகுதிக்கு மதிப்பிடுகிறீர்கள் என்றால், அதில் நீங்கள் பெரும்பங்கு எழுதியிருக்கக் கூடாது. முடித்ததும் பக்கத்தைக் கவனிப்புப் பட்டியலில் (மாற்றங்களை உங்களுக்குக் காட்டும் பட்டியல்) சேர்த்துவிடுங்கள். பதில் சில வாரம் கழித்துக்கூட வரும்.