ஓர்ச்சாத்தா: அரிசியின் மாவை விட்டுப் பாலை மட்டும் எடுப்பது எப்படி

பச்சரிசியை வேகவைக்காமல் ஊறவைத்து, பட்டையும் பாதாமும் சேர்த்து அரைத்து, துணியில் பிழிந்து சில்லென்று குடிப்பது மெக்சிகோவின் ஓர்ச்சாத்தா. சொல்ல ஒரு வரிதான். ஆனால் முதல் தடவை செய்பவர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது சர்க்கரை போட்ட மாவுத் தண்ணீர். நாக்கில் சாக்பீஸ் தூள் போல ஒட்டும். கொஞ்ச நேரத்தில் வெள்ளை அடியில் படிந்து, மேலே தெளிந்த நீர் நிற்கும்.

குற்றம் தோசைக்கு அரைத்துப் பழகிய கையிடம். வேகாத அரிசியின் மாவுச்சத்து குளிர்ந்த தண்ணீரில் கரையவே கரையாது. நுண்துகளாகக் கொஞ்ச நேரம் மிதந்துவிட்டு அடியில் உட்காரும். வெண்ணெய் போல அரைத்தால் அவ்வளவும் துணியைத் தாண்டி டம்ளருக்குள் இறங்கிவிடும். இந்தப் பானத்தில் வழவழப்பைத் தருவது அரிசி அல்ல. பாதாமின் எண்ணெயும் பாலின் கொழுப்பும்தான் அந்த வேலையைச் செய்கின்றன. அரிசியின் பங்கு மணம், வெண்மை, லேசான கனம். தேங்காய்ப்பால் எடுக்கிறவர்கள் தேங்காயைச் சட்னிக்கு அரைப்பது போல அரைப்பதில்லை அல்லவா, அதே கணக்கு.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. லத்தீனில் பார்லிக்கு ‘ஹோர்தேயும்’ என்று பெயர். முதலில் இது பார்லித் தண்ணீர். ஸ்பெயினின் வலென்சியாவில் இன்றும் ஓர்ச்சாத்தா என்றால் அரிசியே கிடையாது. ‘சூஃபா’ என்ற சிறு கிழங்கை ஊறவைத்து அரைத்த பால்தான். அந்தச் செடி நம் கோரைக்கிழங்குக்கு நெருங்கிய உறவு. ஸ்பானியர்களோடு கடல் கடந்து மெக்சிகோ போன பானத்தில் கிழங்கின் இடத்தை அரிசி பிடித்துக்கொண்டது.

சுமார் 1.4 லிட்டருக்கு, அதாவது 200 மில்லி டம்ளரில் ஏழுக்கு, வேண்டியவை:

பச்சரிசி 200 கிராம்
பாதாம் 40 கிராம் (முப்பது, முப்பத்தைந்து பருப்பு)
மெல்லிய சுருள் பட்டை 5 கிராம்
தண்ணீர் 1¼ லிட்டர் (ஊறவைக்க 500 மில்லி, இரண்டாம் பாலுக்கு 250 மில்லி, கடைசியில் கலக்க 500 மில்லி)
எவாபரேட்டட் மில்க் 300 மில்லி
சர்க்கரை 120 கிராம்
வெனிலா எசென்ஸ் 1 தேக்கரண்டி
உப்பு இரண்டு சிட்டிகை

எவாபரேட்டட் மில்க் கிடைக்காவிட்டால் கொழுப்பு நீக்காத பால் 700 மில்லியை, அடிப்பிடிக்காமல் கிளறியபடி பாதிக்கும் கீழே சுண்டும்வரை காய்ச்சி, ஆறவைத்து, ஆடையை எடுத்துவிட்டால் போதும். கன்டென்ஸ்டு மில்க் ஊற்றுபவர்களும் மெக்சிகோவில் ஏராளம். அதில் பாதிக்கு மேல் சர்க்கரைதான் என்பதால், 150 கிராம் ஊற்றினால் தனிச் சர்க்கரையை 40 கிராமாகக் குறைக்க வேண்டும். பால் வேண்டாம் என்பவர்கள் பாதாமை 100 கிராமாக ஏற்றிக்கொள்ளலாம். பாலும் இல்லாமல் பாதாமும் குறைவாகப் போட்டால், வரப்போவது நீர்த்த பானம்தான்.

எந்த அரிசி என்பதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். நீள மணி உள்ள, வாசனையில்லாத வெள்ளைப் பச்சரிசி சரியாக வரும். புழுங்கலரிசி ஆகாது. நெல்லிலேயே ஒரு முறை வெந்துவிட்டதால் அதன் மாவுச்சத்தின் குணம் மாறியிருக்கும்; புழுங்கல் வாடை பட்டையையும் மிஞ்சிக்கொண்டு வரும். பாஸ்மதியில் அதன் மணமும் பட்டை மணமும் சண்டை போடும். ஒட்டும் ரக அரிசியும் வேண்டாம். பாக்கெட்டில் வரும் அரிசி மாவைக் கரைத்துச் செய்கிற குறுக்கு வழி சுத்தமாகத் தேறாது, ஏனென்றால் எதைத் துணியில் நிறுத்த வேண்டுமோ அதையே வாங்கிக் கலக்குகிறோம்.

பட்டையில் அதைவிடப் பெரிய தவறு நடக்கும். மெக்சிகோவில் ‘கனேலா’ என்று விற்பது இலங்கைக் கறுவா. மெல்லிய தாள்களைச் சுருட்டி வைத்தது போல அடுக்கடுக்காக இருக்கும், விரலாலேயே நொறுங்கும். பிரியாணிக்குப் போடும் தடித்த, ஒற்றைச் சுருளான, மரக்கட்டை போன்ற பட்டை வேறு மரத்தினுடையது. அது மிக்சியில் எளிதில் அரைபடாது, சிராய் சிராயாக நிற்கும். தூளாக்கிப் போட்டால் தண்ணீரில் ஊறிக் கொழகொழவென்று ஆகிவிடும். மணமும் காரமாக இருக்கும். அது மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால் 3 கிராம் போதும். முழுதாக ஊறவைத்து, அரைக்கும் முன் எடுத்துவிடுங்கள். கறுவாவாக இருந்தால் அப்படியே அரைக்கலாம்.

ஊறவைப்பது

அரிசியை மூன்று, நான்கு முறை, தண்ணீர் ஏறக்குறையத் தெளியும்வரை கழுவுங்கள். கழுவும்போது போகும் வெள்ளைதான் முதல் சாக்பீஸ். பாதாமைக் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்துத் தோலை உரித்துவிடுங்கள். தோலோடு அரைத்தால் பழுப்பு நிறமும் சிறு துவர்ப்பும் வரும். பட்டையை உடைத்துப் போட்டு, மூன்றையும் 500 மில்லி தண்ணீரில் மூடி, ஃப்ரிட்ஜில் 8 முதல் 12 மணி நேரம் வையுங்கள்.

ஃப்ரிட்ஜில் என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. வெயில் காலத்தில் இராத்திரி முழுக்க வெளியில் கிடந்தால் அரிசி நீர் புளிக்கத் தொடங்கும். புளிப்பு லேசாக ஏறினாலும் பால் ஊற்றியதும் திரியும். அதோடு வேகாத அரிசியில் பாசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் இருக்கலாம். இந்தப் பானத்தில் கொதிக்கும் கட்டமே இல்லை. அந்த வித்துகளோ கொதியையும் தாங்குபவை. குளிரில் வைத்து அவை பெருகாமல் பார்த்துக்கொள்வது மட்டுமே நம் கையில் இருக்கிறது.

நேரமில்லையா? அரிசியைக் கழுவி, துணியில் நன்றாக உலர்த்தி, மிக்சியில் ரவையாக உடைத்து, கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவிடலாம். மணம் கொஞ்சம் குறையும், மற்றபடி மோசமில்லை. ஆனால் கொதிக்கிற தண்ணீரை ஊற்றக் கூடாது. அரிசியின் மாவுச்சத்து 60 முதல் 75 டிகிரி வாக்கில் வேகத் தொடங்கிவிடும். அப்புறம் நீங்கள் பிழிவது பாலை அல்ல, கஞ்சியை.

அரிசியைக் கழுவி உலர்த்திய பின், வெறும் வாணலியில் மிதமான தீயில் ஐந்து நிமிடம் வாசம் வரும்வரை வறுத்து ஊறவைப்பவர்களும் உண்டு. பருப்பு மணம் ஒன்று கூடும். நிறம் மாறும் முன்னே இறக்கிவிட வேண்டும். பழுப்பேறினால் பொரி கரைத்த தண்ணீர் போல ஆகும்.

அரைப்பதும் பிழிவதும்

ஊறிய தண்ணீரைக் கொட்ட வேண்டாம், பட்டை மணம் முழுக்க அதில்தான் இருக்கிறது. அதில் பாதியை மட்டும் அரிசியோடு சேர்த்து ஜாரில் போடுங்கள். எல்லாத் தண்ணீரையும் முதலிலேயே ஊற்றினால் அரிசி கத்திக்குச் சிக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். 20 விநாடி ஓட்டி, கொஞ்சம் நிறுத்தி, மறுபடி ஓட்டி, மொத்தம் ஒரு நிமிடம். தொடர்ந்து ஓட்டினால் ஜார் சூடாகும். விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தால் சன்ன ரவை போல நெருட வேண்டும். இதுதான் நிறுத்தும் இடம். இன்னும் ஒரு சுற்று ஓட்டலாமே என்று கை பரபரக்கும், ஓட்டாதீர்கள். மீதித் தண்ணீரை ஊற்றி ஒரு கலக்குக் கலக்கி, அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் விடுங்கள்.

வடிகட்டி மட்டும் போதாது. அதன் மேல் ஈரப்படுத்திய மல் துணியை இரண்டாக மடித்துப் போட்டு ஊற்றுங்கள். பாதி தானாக இறங்கும், மீதியைப் பிழிய வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு முறுக்கினால் மாவும் சேர்ந்து வெளியே வரும் என்பதால், பால் சொட்டுச் சொட்டாக வரும்போதே விட்டுவிடுங்கள். சக்கையை மறுபடி ஜாரில் போட்டு, 250 மில்லி தண்ணீர் ஊற்றி, பத்து விநாடி மட்டும் ஓட்டி இரண்டாம் பாலை எடுங்கள். மூன்றாம் பால் வேண்டாம், அதில் மாவைத் தவிர ஒன்றுமில்லை.

அடுத்த வேலையைப் பலர் செய்வதில்லை. வித்தியாசமோ இதில்தான் தெரியும். இரண்டு பாலையும் ஒரு பாத்திரத்தில் சேர்த்து, ஃப்ரிட்ஜில் 20 நிமிடம் அசைக்காமல் தெளியவிடுங்கள். அடியில் கெட்டியாக ஒரு வெள்ளைப் படலம் உட்காரும். மேலே இருப்பதை மெதுவாகச் சாய்த்து இறுத்துக்கொண்டு, அடிமண்டியை விட்டுவிடுங்கள். நாக்கில் ஒட்டும் சாக்பீஸ் அதோடு ஒழிந்தது.

கலப்பது

சர்க்கரையைக் குளிர்ந்த பாலில் கொட்டினால் கரைய வெகு நேரமாகும். எவாபரேட்டட் மில்க்கில் ஒரு கரண்டி எடுத்துச் சூடாக்கி, சர்க்கரையையும் உப்பையும் அதில் கரைத்து, ஆறிய பின் அரிசிப் பாலில் சேருங்கள். மீதிப் பால், 500 மில்லி குளிர்ந்த தண்ணீர், கடைசியாக வெனிலா. வெனிலா மெக்சிகோ மண்ணின் சரக்குதான். வெராகுருஸ் மாநிலத்துப் பபான்ட்லா அதற்குப் பேர் போன ஊர். உப்பு எதற்கென்று தோன்றினால், போடாமல் ஒரு வாய், போட்டு ஒரு வாய் குடித்துப் பாருங்கள்.

இனிப்பைச் சில்லென்று ஆன பிறகு ருசி பாருங்கள். குளிர்ச்சியில் இனிப்பு மட்டுப்படும், ஐஸ் கரையக் கரைய இன்னும் மட்டுப்படும். ஐஸ் நிறையப் போடுவதாக இருந்தால் கடைசித் தண்ணீரில் 150 மில்லியைக் குறைத்துக்கொள்ளலாம். அதைவிடச் சிறந்தது, ஓர்ச்சாத்தாவிலேயே கொஞ்சத்தை ஐஸ் தட்டில் உறையவைத்துப் போடுவது. கடைசி வாய்வரை நீர்க்காது.

இவ்வளவு செய்தும் நின்றால் கொஞ்சம் படியத்தான் செய்யும், அது குறையல்ல. மெக்சிகோவில் இதைப் பீப்பாய் வடிவக் கண்ணாடி ஜாடிகளில் வைத்து விற்பவர்கள் ஒவ்வொரு முறையும் அகப்பையை அடிவரை விட்டுக் கலக்கித்தான் ஊற்றுவார்கள். படிவதைத் தள்ளிப்போட வேண்டுமானால் முதல் அரைப்பில் ஒரு மேசைக்கரண்டி குழைந்த சோறு சேர்க்கலாம். வெந்த மாவுச்சத்து நீரைச் சற்றுத் தடிப்பாக்கும், துகள்கள் மெதுவாக இறங்கும். ஒரு கரண்டிக்கு மேல் போனால் குளிர்ந்ததும் இழுபடும்.

கொழகொழப்பாக வந்துவிட்டால் காரணம் மூன்றில் ஒன்று: சுடுதண்ணீர், சூடேறிய ஜார், அல்லது தடித்த பட்டைத் தூள். அதைத் திருத்த வழியில்லை. சப்பென்று இருந்தால் பெரும்பாலும் ஊறல் போதவில்லை. பட்டைத் தூளை மேலே தூவினால் ஓரளவு தப்பிக்கலாம். பால் ஊற்றியதும் திரிந்தால் அரிசி நீர் புளித்துவிட்டது என்று அர்த்தம், கொட்டிவிடுங்கள். எலுமிச்சைத் தோல் துருவலை ஊறும்போது சேர்க்கலாம், மணமாக இருக்கும். சாறு ஒரு சொட்டும் கூடாது.

வாஹாகா பகுதியில் டம்ளரில் ஊற்றிய பிறகு சப்பாத்திக்கள்ளியின் சிவப்புப் பழக்கூழ், பொடியாக நறுக்கிய முலாம்பழம், உடைத்த பெக்கான் பருப்பு ஆகியவற்றை மேலே போடுவார்கள். பானமாகத் தொடங்கிக் கரண்டியில் முடியும். வேறு இடங்களில் தேங்காய் சேர்த்தும் செய்கிறார்கள். அப்போது பாதாம் தேவையில்லை.

ஃப்ரிட்ஜில் 5 டிகிரிக்குக் கீழே மூன்று நாள் தாங்கும். வெளியே எடுத்தால் இரண்டு மணி நேரம், வெயில் 32 டிகிரிக்கு மேல் இருந்தால் ஒரு மணி நேரம், அவ்வளவுதான் கணக்கு. விருந்துக்கு வைப்பதானால் ஜாடியை ஐஸ் நிரப்பிய அகலப் பாத்திரத்தில் உட்கார வையுங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அரிசிப் பானங்களைப் பாலுக்குப் பதிலாகக் கொடுக்க வேண்டாம் என்று பிரிட்டனின் உணவுத் தர அமைப்பு சொல்கிறது. அரிசியில் இயல்பாகவே சேரும் ஆர்செனிக்தான் காரணம்.

சர்க்கரையைப் பிழிந்த பிறகுதான் சேர்த்தோம் என்பதால் துணியில் மிஞ்சிய சக்கையில் இனிப்பு இருக்காது. பாதாமும் பட்டையும் கலந்த ரவை அது. அடிமண்டியோடு சேர்த்து, அன்றைக்கே பான்கேக் மாவில் கலந்துவிடலாம்.