என்எஃப்எல் ஒப்பந்த ரீஸ்ட்ரக்சர்: கணக்கை நீங்களே போட்டுப் பார்ப்பது எப்படி

மார்ச் மாதம் வந்தால் போதும், அமெரிக்கன் ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல் பார்ப்பவர்களின் போனில் இந்தச் செய்தி வரிசைகட்டும்: இன்ன வீரர் ஒப்பந்தத்தை ரீஸ்ட்ரக்சர் செய்தார், டீமுக்கு இத்தனை கோடி டாலர் கேப் இடம் கிடைத்தது. (கேப், அதாவது சாலரி கேப் என்பது ஒரு டீம் ஒரு வருஷத்தில் வீரர்கள் கணக்கில் எழுதக்கூடிய தொகைக்கான உச்சவரம்பு.) உடனே 'தங்கமான மனுஷன், டீமுக்காகச் சம்பளத்தை விட்டுக்கொடுத்தார்' என்று நாலு பேர் உருகுவார்கள். பெரும்பாலும் அவர் ஒரு டாலர்கூட விட்டுக்கொடுத்திருக்க மாட்டார். சீசன் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக வரவேண்டிய பணம் முன்கூட்டியே கைக்கு வருகிறது, அவ்வளவுதான். நிறைய ஒப்பந்தங்களில் வீரரைக் கேட்காமலேயே டீம் இதைச் செய்துகொள்ளலாம் என்ற ஷரத்தே இருக்கும்.

முதலில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்: வீரர் கையில் வாங்கும் பணம் வேறு, அந்த வருஷம் சாலரி கேப்பில் ஏறும் தொகை வேறு. அடிப்படைச் சம்பளம் அந்தந்த வருஷக் கணக்கில் முழுசாக ஏறும். கையெழுத்துப் போடும்போது மொத்தமாகக் கொடுக்கும் சைனிங் போனஸ் அப்படியில்லை. இன்றே கொடுத்தாலும் கணக்கில் ஒப்பந்த வருஷங்களுக்குச் சமமாகப் பிரித்து எழுதலாம், அதிகபட்சம் 5 வருஷம். ரீஸ்ட்ரக்சர் என்பது சம்பளத்துக்கு சைனிங் போனஸ் என்று பெயர் மாற்றுவதுதான்.

சரி, கணக்கு. ஒரு வீரருக்கு 2025-இல் 2 கோடி டாலர் அடிப்படைச் சம்பளம், அந்த வருஷத்தையும் சேர்த்து ஒப்பந்தத்தில் 3 வருஷம் பாக்கி என்று வையுங்கள். முழுசையும் மாற்ற முடியாது, அனுபவத்துக்கு ஏற்ற குறைந்தபட்சச் சம்பளத்தை விட்டுவைக்க வேண்டும். 7 சீசன் தாண்டியவருக்கு 2025-இல் அது 12.55 லட்சம். மீதி சுமார் 1.87 கோடியை 3-ஆல் வகுத்தால் வருஷத்துக்கு 62.5 லட்சம். இந்த வருஷம் ஏறுவது ஒரு பங்கு மட்டும் என்பதால் மிச்சம் 1.25 கோடி. மற்ற இரண்டு பங்கும் அடுத்த இரண்டு வருஷத் தலையில், ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருக்கும் பழைய போனஸ் பங்குகளோடு சேர்த்து. இந்தக் கடைசி வரியைத்தான் செய்திகள் சொல்லாது.

நிஜ உதாரணம் வேண்டுமென்றால் 2021 மார்ச்சில் கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ் பேட்ரிக் மஹோம்ஸுக்குச் செய்தது. கோவிடால் கேப் 19.82 கோடியிலிருந்து 18.25 கோடிக்கு இறங்கி எல்லா டீமும் திண்டாடிய வருஷம் அது. அவருக்கு வரவேண்டிய ரோஸ்டர் போனஸில் (குறிப்பிட்ட தேதியில் டீமில் இருந்தால் கிடைக்கும் தொகை) சுமார் 2.17 கோடியை சைனிங் போனஸாக மாற்றினார்கள். ஒப்பந்தம் 2031 வரை இருந்தாலும் வகுத்தது 5-ஆல்தான். வருஷத்துக்கு 43 லட்சம், அந்த வருஷ மிச்சம் 1.74 கோடி.

அப்புறம் இந்த வாய்டு வருஷம். வருஷம் பாக்கி இல்லையென்றால் பேருக்கு இரண்டு வருஷத்தை ஒப்பந்தத்தின் வாலில் ஒட்டுவார்கள். அந்த வருஷங்களில் அவர் ஆடவே போவதில்லை, வகுக்கும் எண் பெரிதாக வேண்டும் என்பதற்காக மட்டும். மேலே சொன்ன கணக்கில் 3-ஐ 5 ஆக்கினால் மிச்சம் 1.5 கோடியாகிவிடும். இது இஎம்ஐயில் டிவி வாங்குவது மாதிரி, டிவி போன பின்னும் தவணை நிற்காது. ஒப்பந்தம் முடிந்தாலோ வீரரைக் கழற்றிவிட்டாலோ எழுதாமல் விட்ட பங்கெல்லாம் மொத்தமாகக் கேப்பில் வந்து விழும், அதைத்தான் டெட் மணி என்கிறார்கள். டாம் பிரேடி ஓய்வு பெற்ற பிறகு, ஒரு பந்துகூட வீசாத 2023 சீசனில், அவருடைய கடைசி டீமான டாம்பா பேயின் கேப்பில் அவர் பெயரில் சுமார் 3.5 கோடி நின்றது. கழற்றிவிடுவதை ஜூன் 1-க்குப் பின் என்று கணக்கு காட்டினால் அந்த அடியை இரண்டு வருஷமாகப் பிரிக்கலாம், தப்பிக்க முடியாது.

ஆகவே உங்கள் டீம் யாரை ரீஸ்ட்ரக்சர் செய்கிறது என்று பாருங்கள், எவ்வளவு மிச்சம் என்பது அப்புறம். 26 வயது குவாட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்), எப்படியும் நாலு வருஷம் இருக்கப் போகிறவர் என்றால் கவலை வேண்டாம். கேப் ஏறிக்கொண்டே போகிறது, 2025-இல் 27.92 கோடி, பின்னால் வரும் பங்கு சின்னதாகத்தான் தெரியும். பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் 32 வயது ரன்னிங் பேக்குக்குச் செய்தால், அடுத்த வருஷம் அவரை அனுப்பவும் முடியாமல் வைத்துக்கொள்ளவும் முடியாமல் முழிக்கப்போகிறார்கள்.

உண்மையிலேயே விட்டுக்கொடுப்பது என்றால் அது சம்பளக் குறைப்பு, வேறு சமாச்சாரம். 2021-இல் ஓய்வுக்கு முன் குவாட்டர்பேக் ட்ரூ பிரீஸ் தன் நியூ ஆர்லியன்ஸ் டீமுக்காக 2.5 கோடிச் சம்பளத்தை 10.75 லட்சமாகக் குறைத்துக் கையெழுத்துப் போட்டாரே, அதுபோல. செய்தியில் 'சைனிங் போனஸாக மாற்றப்பட்டது' என்ற வரி இருந்தால் வீரருக்கு நஷ்டமே இல்லை, உருக வேண்டாம்.